எஸ்பிளனேடு டிராமில் என் சட்டை

ஷியாம்பஜாரில் நான் ஏறினேன்.
இரண்டு நிறுத்தம் தள்ளி
என் சட்டை ஏறியது.

சட்டை என்றால் குர்தா.
இந்த ஊரில் அதற்குப் பஞ்சாபி என்று பெயர்.
பஞ்சாபைக் கண்ணால் பாராதவனும்
இங்கே பஞ்சாபிதான் போட்டுக்கொள்கிறான்.

போன வைசாகத்தில்
மொட்டைமாடிக் கொடியிலிருந்து காணாமல் போனது.
முதலில் காற்றைச் சந்தேகித்தேன்,
பிறகு கீழ்வீட்டு மிருகாங்கனை.
காற்றோடு சமாதானமாகிவிட்டது.
மிருகாங்கனோடு ஒரு வருஷமாய்ப் பேச்சில்லை.

அதேதான், ஐயமில்லை.
மூன்றாவது பொத்தான் மட்டும் கொம்பு நிறம்,
மற்றதெல்லாம் சிப்பி.
பையோரம் என் சிகரெட் சுட்ட ஓட்டையில்
சுதபா இழையோட்டிய
கொசுவளவு தழும்பு.

எழுந்துபோய்க் கழுத்துப்பட்டையைப் பிடித்திருப்பேன்.
ஆனால் அந்தக் கழுத்துப்பட்டை நின்ற நிலை!
என்னிடம் இருந்தவரை
நமுத்த அப்பளமாய்த் தொங்கியது அது.
கைகளிலோ, தோளிலிருந்து மணிக்கட்டு வரை
கிலேக் கொட்டையால் அழுத்தி இழுத்த
மெல்லிய சுருக்கங்கள்,
காற்று லேசாய்த் தொட்டுவிட்டுப் போன குளம் மாதிரி.

வேட்டியும் அதற்கேற்ற வேட்டி.
மயிரிழைக் கறுப்புக் கரை.
முன்கொசுவத்தின் நுனியை விசிறியாய் மடித்துப்
பைக்குள் செருகியிருந்தான்,
படிக்கட்டு எண்ணெய்க்கும் பிறர் செருப்புக்கும்
எட்டாத உயரத்தில்.
என் வேட்டி நுனி
நான்கு நிறுத்தமாய் ஒரு மீன்கூடைக்கு அடியில் கிடப்பதை
அப்போதுதான் பார்த்தேன்.

அவன் பக்கத்தில் இடம் காலியானது.
திருடனிடம் கேட்க ஒரு கேள்விதான் உண்டு.
வாய் வேறொன்றைக் கேட்டது:
"கஞ்சி எப்படிப் போடுகிறீர்கள்?"

முகம் அப்படி மலர்ந்து நான் ஆளைப் பார்த்ததில்லை.
அச்சகத்தில் தாள் வெட்டுகிறவனாம். கியாசுத்தீன்.
"சோறு வடித்த கஞ்சி, தாதா, கடையில் விற்கும் மாவு இல்லை.
ஆறவிட்டு, மல்துணியில் வடிகட்டி,
ஒன்றுக்கு மூன்று தண்ணீர்.
நீலமா? ஒரு சொட்டு, அதுவும் தயங்கித் தயங்கி.
முறுக்கிப் பிழிந்தால் இழை கோபித்துக்கொள்ளும்.
தோளில் க்ளிப் மாட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.
உள்பக்கம் வெளியே, தலைகீழாய், நிழலில்.
முக்கால் காய்ந்ததும் இஸ்திரி.
முழுக்கக் காயவிட்டீர்களோ,
அப்புறம் அது உங்கள் பேச்சைக் கேட்காது.
கொட்டை இழுப்பதும் நானேதான்,
வியாழன் இரவு, ரேடியோ போட்டுக்கொண்டு."

நெஞ்சைத் தொட்டுச் சொன்னான்:
"நல்ல பருத்தி. முன்பு வைத்திருந்தவனுக்கு அருமை தெரியவில்லை.
பை முழுக்க மைக்கறை.
எலுமிச்சையும் உப்பும் தேய்த்து
நான்கு நாள் வெயில் காட்டினேன்."

முன்பு வைத்திருந்தவன்
ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தான்.

"எங்கே வாங்கியது?"
"பழந்துணிச் சந்தையில். விடிகாலை நான்கு மணிக்கு.
பாத்திரக்காரிகள் வீடுவீடாய்
ஏனம் கொடுத்துத் துணி மாற்றி வருவார்களே,
அந்தக் குவியலில்.
அறுபது சொன்னாள். நாற்பத்தைந்துக்கு முடிந்தது."

பாத்திரக்காரி.

எங்கள் அடுக்களைக்கு
போன வைசாகத்தில் ஓர் எவர்சில்வர் தூக்கு வந்தது.
வட்ட மூடி, இரண்டு அடுக்கு.
இந்த ஒரு வருஷமாய் என் மதியச் சோறு அதில்தான்.
இதோ, இப்போதும் என் மடியில்,
இளஞ்சூடாய்.

எஸ்பிளனேடில் இறங்கினான்.
அவ்வளவு நெரிசலில் உட்கார்ந்து எழுந்தும்
முதுகில் ஒரு கோடு கசங்கல்.
அதையும் கைக்கு எட்டியவரை நீவிக்கொண்டு போனான்.

மாலையில் மிருகாங்கன் வீட்டுக் கதவைத் தட்டி
ஒரு பெட்டி சந்தேஷ் கொடுத்தேன்.
என்ன விசேஷம் என்றான்.
ஒன்றுமில்லை என்றேன், அது பொய்யில்லை.

மேலே வந்து தூக்கைக் கழுவத் தொட்டியில் போட்டேன்.
சுதபா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மறுபடி அதைப் பார்த்தாள்.

நான் கேட்டது ஒன்றுதான்:
"சோறு வடித்த கஞ்சியைக் கொட்டிவிட்டாயா?"