பிராப்பர்ட்டி வேல்யூ

சோமனூர். ராத்திரி ஒன்றே கால்.
பக்கத்துத் தறிக்குடோனில் பதினாறு தறி
நிற்காமல் அடிக்கிறது.
போனில் கத்தித்தான் பேச முடியும்:
“பிராப்பர்ட்டி வேல்யூ பழையபடியே நிக்குது, தரணி.
ஸ்கிரிப்ட்ல காலி பண்ணினாத்தான் ஆகும்.”

பீடிக்கு வெளியே வந்த பொங்கியண்ணன்
சன்னலோரம் நின்றார்.
“எந்தக் காடுங்க அம்மிணி?
கருமத்தம்பட்டி பைபாஸா?
சென்ட் என்ன போகுது?”

காடில்லைங்க. ஒரு பெயர்.
பில்டு தொடங்கியதும் முதல் வரி
வாடிக்கையாளர் பல்லடம் என்று எழுதிக்கொள்கிறது.
அப்புறம் யார் வந்து என்ன சொன்னாலும்
காதில் போட்டுக்கொள்வதில்லை.
அவிநாசிக்காரர் பார்சலிலும் பல்லடம்,
அந்தியூருக்கும் பல்லடம்.
மூன்று நாளாகத் திட்டு வாங்குகிறேன்.

“ஒருக்கா எழுதீட்டா மாறாதுங்களா?
பட்டாவாட்டம்?”
பட்டாவாட்டந்தான்.
“அப்பொ நீங்க பண்றது?”

அதற்கு நான் வாய் திறக்கவில்லை.
முன்வாசல் பூட்டு.
பொடக்காளி வழியாக நாலு வரி அடித்தேன்:
ஒவ்வொரு சுற்றின் தலைமாட்டிலும்
இருக்கிற பெயரை அழி,
வருகிற பெயரை வை.

தறி ஒன்று நின்றது. இழை அறுந்திருக்கும்.
அவர் உள்ளே ஓடினார்.

இரண்டே முக்காலுக்குப் பச்சை விழுந்தது.
அவிநாசிக்கு அவிநாசி.
அந்தியூருக்கு அந்தியூர்.
பல்லடத்துக்குப் பெயரே இல்லை.
அழித்தது அழித்தபடி,
வெறும் சமக்குறி, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

விரலில் பஞ்சோடு மறுபடி சன்னல்.
“கிரயம் முடிஞ்சுதுங்களா?”

இல்லைங்க.
ஒரு ஏக்கரா பாக்கி.