பெரிய அளவில் மட்டும்

பதினெட்டு டாலருக்கு வாங்கிய எழுத்துரு.
காயத் தொடங்கிய தூரிகையால்
யாரோ அவசரத்தில் எழுதிய கை.
'பெரிய அளவில் மட்டும் பயன்படுத்தவும்' என்றது குறிப்பு.
எட்டுப் புள்ளியில் வைத்துப் பார்த்தேன்:
எறும்பு மொய்த்த ரொட்டித்தூள்.

வட்டி விகிதம், மருந்துச் சீட்டு,
ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம்
எதுவும் அதற்கு ஆகாது.
உரக்கப் பேச மட்டுமே தெரியும்.

முதலில் கேட்டவர் வெள்ளரி ஊறுகாய் விற்கும் கொர்தேட்ஸ்கி.
"கையால எழுதின மாதிரி இருக்கணும்,
ஆனா நாலாயிரம் ஜாடிக்கு வேணும்."
ஒட்டுத்தாள் விழ விழப் பார்த்தேன்:
ஒவ்வொரு 'கே'யின் வலக்காலிலும்
அதே மைத்தெறிப்பு, அதே மூன்று பொட்டு.
ஒருமுறை தவறிய கை
நாலாயிரம் முறை
தவறாமல் தவறியது.

செவ்வாய் காலை க்ஸாவெரி வந்தான்,
கட்டுமான நிறுவனத்துப் பையன்.
நாவ்ரோட் தெருவின் பழைய குடியிருப்பை மூடப்
பன்னிரண்டு மீட்டர் துணி:
'வூட்ச் நகரின் நடுவே உங்கள் வீடு.'
"மனுஷங்க எழுதினது போல இருக்கட்டும்."

மாலையில் அதே குடியிருப்பின் மூன்றாம் மாடி
தொப்ரொமிவா, செவிலிச் சீருடையோடு.
இருபத்தாறு தட்டி வேண்டும்:
'வூட்ச் எங்களுக்கும்தான். நகர மாட்டோம்.'
காலையில் அவன் தொட்ட வரிசையிலேயே விரல் வைத்தாள்.
"இது பொய் சொல்லாதுன்னு தோணுது."
நான் ரசீது எழுதினேன்.

சிக்கல் ஊர்ப்பெயரில்.
நான்கே எழுத்து. அதில் மூன்றுக்கு
இந்த எழுத்துருவில் மெய் இல்லை.
குறுக்குக்கோடு போட்ட எல்,
தலையில் கீற்று ஏந்திய ஓ, இசட்.
ஒஹாயோவிலோ எங்கோ செய்தவருக்கு
எங்கள் நாக்கு தேவைப்பட்டிருக்காது.
கணினி வேறிடத்தில் கடன் வாங்கியது:
கோட்டு சூட்டு போட்ட மூவருக்கு நடுவே
கிழிந்த சட்டையோடு ஒற்றை 'டீ'.

க்ஸாவெரியின் துணியை அப்படியே அனுப்பினேன்.
அவன் கவனிக்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

கடை மூடிய பிறகு
கழிப்பறைச் சுவருக்கு வாங்கிய தூரிகையை எடுத்து
ரொட்டிக்கடைத் தாளில் குறுக்குக்கோடு இழுத்தேன்.
ஏழாவதுதான் பொருந்தியது.
இசட்டுக்குக் கீற்று வைக்கும்போது
வெளியே டிராம் போனது. மேசை அதிர்ந்தது.
கீற்று சாய்ந்துவிட்டது.
விட்டுவிட்டேன்.

இப்போது நாவ்ரோட் தெருவில்
துணிக்குக் கீழே இருபத்தாறு ஜன்னல்.
இருபத்தாறிலும்
அதே டிராம் போகிறது.