கூட்டாய்வு

ஏத்தவாழை இலைக்காம்பை
வெயிலுக்கு நேரே பிடித்தால்
கரும்பச்சையில் ஒரு புள்ளி, ஒரு கோடு,
மறுபடி இரண்டு புள்ளி.
பழைய தந்தி ஆபீஸ்போல
நோய் முன்கூட்டியே செய்தி அனுப்புகிறது.
அதை வாசிக்க எனக்குச் சம்பளம்.

பாறசாலைக்கு அந்தப் பக்கம் இதன் பெயர் குறுநாம்பு.
எங்கள் படிவத்தில் முடிக்கொத்து.
மஞ்சாலுமூட்டில் ரெத்தினபாய் சொல்வது,
"மண்ட அடஞ்சு போச்சு, பிள்ளே."
மூன்றையும் ஒரே கட்டத்தில் எழுத
இரண்டு மாநிலத்துக்காரர்கள்
களியக்காவிளை ஓட்டல் மாடியில்
ஒரு பகல் முழுக்கப் பேசினோம்.
அவர்களிடம் வைரஸைக் காட்டும் கருவி இருந்தது,
எங்களிடம் எட்டு வருடத்துக் கணக்கு நோட்டு.
கீழே செக்போஸ்டில்
வாழைக்கன்று ஏற்றிய டெம்போ ஒன்று.
தார்ப்பாய்க்கு அடியில் இருந்த அசுவினியிடம்
யாரும் சீட்டு கேட்கவில்லை.

ஒப்பந்தம் ஒரு மாதத்தில் கையெழுத்தானது.
சிக்கியது ஒரு சீமைக்கொன்னை வேலியில்.

ரெத்தினபாய்க்கும் யேசுவடியானுக்கும்
குழித்துறை கோர்ட்டில் பதினோரு வருசமாக
ஒன்றேகால் சென்ட் நடக்கிறது.
"அவன் வெட்டட்டும், நான் வெட்டுகேன்."
"மொதல்ல அவ தோண்டட்டும்."
இங்கே வெட்டி அங்கே விட்டால்
திரும்பவும் வரும்.
கடுகைவிடச் சிறிய அந்தக் கறுப்புப் பூச்சி
எந்த வாய்தாவுக்கும் ஆஜரானதில்லை.

மூன்று நாள் வேலியைச் சுற்றி நடந்தேன்.
இவள் வீட்டில் கட்டன்சாயா,
அவர் வீட்டிலும் கட்டன்சாயா.

நான்காம் நாள் மழை விட்டதும்
இரண்டு பக்கமும் மம்பட்டிச் சத்தம்.
குருத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி
கிழங்கோடு பெயர்த்து
துண்டு துண்டாக நறுக்கினார்கள்.
இவளுக்கு நாற்பத்திமூன்று. அவருக்கு இருபத்தொன்பது.
ஓணச் சந்தைக்கென்று நட்டவை.
நஷ்டஈட்டுக்கு எங்கள் பட்ஜெட்டில் இடமில்லை.
அதைச் சொன்னபோது
அவள் முகத்தைப் பார்க்கவில்லை நான்,
என் செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்தேன்.

ஒருமுறை அவர் மம்பட்டிப் பிடி கழன்றது.
அவள் தன்னுடையதை வேலிக்கு மேலாக நீட்டினாள்,
முகத்தை மேற்கே திருப்பிக்கொண்டு.

அறிக்கையின் கடைசிப் பக்கம்:
இணைந்து செயல்பட்டவர்கள்.
இரண்டு ஆராய்ச்சி நிலையங்களுக்குக் கீழே
இவர்கள் இருவர் பெயரையும் எழுதினேன்.
பக்கத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு:
இன்னும் பேசிக்கொள்வதில்லை.