மூன்றாம் இரவு

ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை.
பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன்,
ஜன்னலுக்குக் கீழே ஃபியோர்டு ஓரம்
நீலமாய் ஒரு முக்கோணம் எழும்புகிறது.
வந்துவிட்டான் ஓட்வார்.

அளவு நாடாவோடு நான் இறங்கிய வருடமும் உண்டு.
ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து
நூற்றைம்பது மீட்டர் தள்ளி,
உழாத, வேலியடைக்காத நிலத்தில்
யாரும் கூடாரம் போடலாம் நார்வேயில்.
நிலம் யாருடையதாயினும்.
கேட்க வேண்டாம், இரண்டு இரவு.
என் நாடா ஐம்பது மீட்டர்.
நீட்டினேன், கல் வைத்தேன், மறுபடி நீட்டினேன்,
ஆட்டு வேலி தாண்டி, ஓடை தாண்டி
அவன் முளைக்குச்சியைத் தொட்டபோது
நூற்றைம்பத்தொன்று, நாற்பது சென்டிமீட்டர்.

ஈரப் பாறைமேல் சின்ன அடுப்பு.
காட்டோரம் தீ மூட்டக் கூடாத மாதங்களும்
அவனுக்கு மனப்பாடம்.
காபியைக் கலக்கியபடியே சொன்னான்:
"நாடா வெயிலில் நீளும், குன்வோர்.
அதற்கும் சேர்த்துத்தான் விட்டிருக்கிறேன்."

மூத்த பிள்ளைக்கே பண்ணை.
அதுவும் சட்டம்தான்.
எனக்குப் பின் பதினான்கு மாதம் கழித்துப் பிறந்தான்.
அந்தப் பதினான்கு மாதத்துக்கு
நாற்பது ஹெக்டேர், படகுத்துறை,
கூரை ஒழுகும் கொட்டில், வங்கிக் கடன்,
எல்லாம் என் பெயரில்.
அவனுக்கு ஒரு தொகை கொடுத்தோம்.
அதில் முதலில் வாங்கியது
அந்த நீலக் கூடாரம்.

சதுப்பில் முல்டே பழுக்கும் நாட்கள்.
பறிக்கத் தடை என்று நானே எழுதி
நானே ஆணியடித்த பலகை நிற்கிறது.
வடக்கே அந்த உரிமை நிலக்காரருக்கு உண்டு.
ஆனால் பறித்த இடத்திலேயே தின்றால்
பலகை ஒன்றும் செய்ய முடியாது.
மண்டியிட்டுத் தின்பான், மஞ்சள் மஞ்சளாய்.
எழுந்ததும்
இரண்டு கையையும் விரித்து
என் ஜன்னல் பக்கம் காட்டுவான்.

திங்கள் காலைப் படகில் போய்விடுவான்.
புல் மட்டும் படுத்திருக்கும், ஒரு வாரம்.
பத்தொன்பது வருடம் இப்படி.

இந்தத் திங்கள் மழை.
படகு வந்தது, ஊதியது, போனது.
முக்கோணம் அங்கேயே நின்றது.
மதியம் தாண்டியும்.
நாடா இருக்கும் இழுப்பறையை
ஒருமுறை திறந்து மூடினேன்.

இரவு ஒன்பதுக்குக் கதவு தட்டும் சத்தம்.
இந்த வீட்டில் பிறந்தவன்
செருப்புக்கல்லில் நிற்கிறான், தொப்பி கையில்,
சொட்டச் சொட்ட.
"நில உரிமையாளரிடம்
அனுமதி கேட்க வந்தேன்.
ஒரு இரவு.
கீழே தண்ணீர் ஏறிவிட்டது."

மாடியறையில் அவன் கட்டில் அப்படியே இருக்கிறது.
மேலே என் உருளைக்கிழங்கு மூட்டைகள், மூன்று.
இறக்கி வைக்கப் பத்து நிமிடம் போதும்.
அவன் கேட்டதோ நிலத்தை.
கேட்காததைக் கொடுக்க
அவனும் நானும் பழகவில்லை.

"எங்கே போடுவாய்?" என்றேன்.
கொட்டிலின் காற்று மறைவைக் காட்டினான்.
முப்பது மீட்டர் இருக்குமா,
அளக்கத் தோன்றவில்லை.
"சரி" என்றேன்.
அதற்குமேல் ஒரு சொல் வந்தது.
வாசலுக்குள்ளேயே நின்றுவிட்டது.

படுத்தேன்.
இருமினான்.
நூற்றைம்பது மீட்டரில் கேட்காதது
முப்பதில் கேட்கிறது.
எத்தனை வருடமாய் இருமுகிறானோ.

கொட்டில் விளக்கு நேரே
அவன் கூடாரத்தின் மேல் விழுந்தது.
எழுந்துபோய் அணைத்தேன்.
திரும்பி வந்து படுத்தபின்
இருட்டில் எழுந்தால் ஓடையில் இடறுவானோ என்று
மறுபடி போய்ப் போட்டேன்.
கொஞ்ச நேரம்
சுவிட்சில் கை வைத்தபடி நின்றேன்.
உள்ளிருந்து அவன் குரல்:
"எரியட்டும், குன்வோர்."