ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

மூன்று நாளுக்கென்று வந்தேன், இர்மா.
ஒரு பை, இரண்டு சட்டை,
பழக்கதோஷத்தில் திருப்புளிப் பெட்டி.
நாற்பதாம் நாள் விருந்து முடிந்து
அவரை வெந்த பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
எல்லோரும் இறங்கிப் போனார்கள்.
போலந்திலிருந்து உன் புருஷன்
"அடுத்த மாதம்" என்றான்.
எந்த வருஷத்து அடுத்த மாதம் என்று நான் கேட்கவில்லை.
கதவைச் சாத்தித் திரும்பினால்
கூடத்தில் இரண்டு பேர்
என் கால்களையே பார்த்தபடி நிற்கிறார்கள்,
ஷூவைக் கழற்றப் போகிறானா
கயிற்றை இறுக்கப் போகிறானா என்று.

கழற்றினேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் லிஃப்ட்.
ருஸ்தாவியில் முப்பத்தொரு கட்டடத்துக்கு
என் கைதான் வைத்தியம்.
காய்ச்சலென்றால் நெற்றியைத் தொடுவதா கழுத்தைத் தொடுவதா,
பள்ளிப் படிவத்தில்
'ஒவ்வாத உணவு' என்ற கோட்டில் என்ன எழுதுவது?
கேகாவைக் கேட்டேன். "வெங்காயம்" என்றான்.
ஆறு மாதம் வெங்காயமில்லாமல் சமைத்த பிறகு தெரிந்தது,
திருட்டுப் பயல்.

டெக்லேயின் முடி வேறு.
மூன்று புரி எனக்கு வராது.
எஃகு வடத்துக்கு ஆறு புரி, நடுவில் சணல்.
சணலை மட்டும் விட்டுவிட்டு அப்படியே பின்னினேன்.
புருவம் இரண்டும் மேலேறி
நாள் முழுக்க எதையோ கண்டு வியந்தவள்போல
வகுப்பில் உட்கார்ந்திருந்தாளாம்.
டீச்சர் சொன்னாள்.
சாயங்காலம்வரை அவிழவேயில்லை என்பதையும் சொன்னாள்.

இரண்டு பேரும் அழவில்லை, இர்மா.
இந்த வீட்டில் எங்கே அழ?
இந்தப் பக்கம் இருமினால்
அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வரும்.
ஏழாம் மாடி ஷுஷானா தினமும் வந்து
"தாயில்லாப் பிள்ளைகள்" என்று தலையைத் தடவுவாள்.
அவள் போனதும்
டெக்லே என் சட்டையில் தலையைத் துடைத்துக்கொள்வாள்.

நவம்பரில் ஒரு மாலை.
பெட்டியில் பத்து தெத்ரி போட்டோம்.
ஏறத்தான் காசு, இறங்க வேண்டாம்.
கூடவே யாரோ ஒருத்தி,
மூன்றாம் மாடியில் இறங்கினாள்.
உன்னுடையதைப் போலவே சாம்பல்நிறக் கோட்டு,
பின்பக்கம் அதே போலக் கசங்கி.
கதவு மூடியது.
டெக்லேயின் தாடை நடுங்கத் தொடங்கியது.

நான் யோசிக்கவில்லை.
இடுப்பில் சாவி இருந்தது, திருகினேன்.
குலுங்கி நின்றது.
"இது எத்தனையாவது மாடி?"
"மாடியே இல்லை. இங்கே யாரும் குடியில்லை."

நம்பலாமா என்று காதுகொடுத்துக் கேட்டாள்.
பிறகு விக்கல் மாதிரி ஒன்று,
பிறகு மற்றதெல்லாம்.
ஆறு வயசு உடம்புக்குள்
இவ்வளவையும் எங்கே மடித்து வைத்திருந்தாள்?
கேகா எங்களுக்கு முதுகைக் காட்டி
பொத்தான் பலகையில் நெற்றியை அழுத்திக்கொண்டான்.
அப்புறம் பார்த்தால்
அவன் நெற்றியில் நம் மாடி எண் பதிந்திருந்தது.
எட்டு, எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டு.
நான் தலைக்கு மேலே ஓடும் வடத்தை நினைத்துக்கொண்டு நின்றேன்.
தாங்கும். நான் மாட்டியதுதான்.

கீழேயிருந்து கதவை அடித்தாள் ஷுஷானா.
"மல்ஹாஸ்! மறுபடியும் ரிப்பேரா?"
"ரிப்பேர்தான்!" என்று கத்தினான் கேகா,
அடைத்த மூக்கோடு.

அதன் பிறகு சில வாரம் இரண்டு முறை.
மார்ச்சில் ஒருமுறைகூட இல்லை.
கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது,
பழுதென்று எழுதிய நேரங்களுக்கு விளக்கம் கேட்டு.
அதை உன் மாவு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நேற்று உன் பிறந்தநாள்.
அடுப்படியிலிருந்து நேரே வாங்கிய ரொட்டி
கையைச் சுட்டது.
ஐந்தைத் தாண்டியதும்
என் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள் டெக்லே.
எந்தப் பக்கம் திருக வேண்டுமென்று தெரிந்து வைத்திருக்கிறாள்.
நின்றது.
அவள் அழவில்லை. கேகாவும் அழவில்லை.
இரண்டு பேரும் அண்ணாந்து
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரொட்டி ஆறிவிடும்" என்றேன்.

"ஆறட்டும்" என்றாள்.