நூற்று முப்பது ரூபாய்த் தாங்கி

சைக்கிள் சீட் குழாய் ஒன்று,
சிம்மக்கல் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு நாற்பது.
அது நுழைகிற தடித்த குழாய்,
ஏற்றி இறக்கி இறுக்கும் போல்ட்டோடு, முப்பது.
அடியில் வைக்க, செத்துப்போன மொபெட்டின் பிரேக் டிரம்மைச்
சும்மாவே தந்தார் கடைக்காரர்.
எதுக்குண்ணே என்று கேட்டார்.
துப்பாக்கிக்கு என்றதும் திரும்பப் பிடுங்கப் பார்த்தார்.
பலூன் சுடுற துப்பாக்கிய்யா, தெப்பக்குளத்துல கடை
என்று சத்தியம் பண்ண வேண்டியிருந்தது.
முனிச்சாலையில் வெல்டிங் அறுபது.

எல்லாம் சோணைமுத்துவுக்காக.
விரகனூர் ரிங் ரோட்டில் பஸ் சாய்ந்த நாளிலிருந்து
கண்டக்டருடைய வலது கை
இன்ஜினை அணைக்காமல் நிறுத்திய பஸ்ஸின்
ஜன்னல் கண்ணாடி மாதிரி அதிர்ந்துகொண்டே இருக்கிறது.
இப்போது டிப்போவில் உட்கார்ந்த வேலை.
ஞாயிறு தவறாமல் வருவார்.
முப்பது ரூபாய்க்குப் பத்துக் குண்டு,
பத்தும் பலகையில்.
'கை ஆடுதுங்க, மூச்சை அடக்குங்க' என்பேன்.
ஆறு வருஷமாக எல்லோருக்கும் சொல்வதுதான்.

பையில்தான் நாலு நாள் போனது.
உமியை அடைத்தேன், துப்பாக்கி புதைந்தது.
வெறுங்கட்டையில் வைத்தேன்,
ஸ்பிரிங் உதைத்துக் குண்டு குளத்துப் பக்கம் பறந்தது.
கெட்டியாகவும் இருக்க வேண்டும், கொஞ்சம் விட்டும் கொடுக்க வேண்டும்.
வைகை மணலைத் தொட்டால் கேஸ்.
அனுப்பானடியில் வீடு கட்டுகிறவர்களிடம்
ஒரு சட்டி எம்-சாண்ட் கேட்டு வாங்கினேன்.
ஜீன்ஸ் பேன்ட்டின் ஒரு காலை வெட்டி
கோணி ஊசியால் முயல் காது மாதிரி இரண்டு மேடு தைத்தேன்.
இன்னொரு கால் இன்னமும் கொடியில் தொங்குகிறது,
ஒற்றைக்கால் ஆளுக்குக் காத்திருப்பது போல.

பின்கட்டைக்கு அடியில்
சோணைமுத்துவின் பழைய காக்கி சாக்ஸ்,
உள்ளே புழு விழுந்த மொச்சை.
இடது கையால் அதைப் பிசைந்தால் குழல் முனை தாழும்,
விட்டால் ஏறும்.
வலது கைக்கு ஒரு விரல் வேலைதான் மிச்சம்.

அன்றைக்குப் பலூன் கட்டவில்லை.
செய்தித்தாளை விரித்து நடுவில்
ஒரு ஸ்டிக்கர் பொட்டு.
ஐந்து குண்டு.
போய்ப் பார்த்தால்
ஐந்தும் ஒரே ஓட்டை, பட்டாணி அளவு,
பொட்டிலிருந்து நாலு விரல் இடதுபக்கம்.

நான் சுட்டேன். அதே ஓட்டை.
ஜிகர்தண்டா வண்டி அமலோற்பவத்தைக் கூப்பிட்டோம்.
ஒரு கண்ணை மூடத் தெரியாமல் இரண்டையும் மூடிச் சுட்டாள்.
அதே ஓட்டை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
சோணைமுத்து தன் கையை எடுத்து
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.
அது ஆடிக்கொண்டுதான் இருந்தது.
'அண்ணே,
கை நல்லாத்தான் இருக்கு.'

காஜா மைதீன் விற்கும்போதே வளைத்திருந்தானோ
என் பையன் எப்போதாவது கீழே போட்டானோ,
குறிமுள்ளின் ஓரத்தில் சுத்தியல் தடம் ஒன்று
இருந்ததுபோலவும் இருந்தது.
ஆறு வருஷம்.
காதலி சிரித்ததில் முகம் சுண்டிப்போன பையன்கள்.
'அப்பா, எனக்கு வராது' என்று துப்பாக்கியைக் கீழே வைத்த சிறுமி.
ஜம்முவிலிருந்து லீவில் வந்த பட்டாளத்துக்காரர்
பத்தும் தவறியபின்
தன் ஆட்காட்டி விரலையே பார்த்தபடி
மாரியம்மன் கோயில் பக்கம் நடந்து போனார்.
அவரிடமும் சொன்னேனே,
கை ஆடுதுங்க என்று.

திருகாணியைக் கால் சுற்று திருப்பினால் போதும்.
பலூன் பாக்கெட் தொண்ணூறு ரூபாய் என்பதும்
ஞாபகம் வந்தது, மறைப்பானேன்.

'அஞ்சு குண்டு பாக்கி இருக்குண்ணே' என்றார்,
டிக்கெட் பின்னால் சில்லறை எழுதிக் கொடுத்த மனுஷன்.
தருகிறேன், முதலில் இதைச் சரிசெய்கிறேன் என்று
பலூனைக் கட்டிவிட்டு
ஸ்க்ரூடிரைவர் தேடிப் பெட்டிக்குள் குனிந்தேன்.
அவர் காத்திருக்கவில்லை.
சாக்ஸை ஒரு பிசை,
குழலை நாலு விரல் வலப்பக்கம் தள்ளி.

நிமிர்வதற்குள்
சிவப்பு வெடித்தது.