கடைசி ஆள்

எங்கள் சைக்கிள் சங்கத்தில் என் வேலை
எல்லோருக்கும் பின்னால் வருவது.
எனக்குப் பின்னால் யாரும் விட்டுப்போகக் கூடாது,
அவ்வளவுதான் விதி.
பம்பு, விசில், மூன்று டியூப் என் பையில்.
பொங்கல் விடுமுறை முழுக்க
நான் பார்த்தது முதுகுகளை.

போகி விடியலில் காட்பாடி.
பனியா புகையா தெரியவில்லை,
தெருவுக்குத் தெரு பழைய டயர் எரிகிறது.
"நம்ம சொந்தக்காரங்க" என்றார் இம்தியாஸ்.
ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் கணக்கு பார்ப்பவர்,
எந்த நாற்றத்துக்கும் அசராத மூக்கு.
திருவலம் இரும்புப் பாலம், பொன்னை,
வள்ளிமலை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில்
அவருக்கு ஒரு டியூப் போயிற்று.

பொங்கலன்று அவரவர் வீடு.
தின்ற பொங்கலைக் கரைக்க எத்தனை கிலோமீட்டர் என்று
வாட்ஸ்அப்பில் கேள்வி.
வங்கிக்கார ஞானமூர்த்தி
வட்டியோடு பதில் போட்டார்.

மாட்டுப் பொங்கலுக்கு அமிர்தி.
கணியம்பாடியில் வழி மறித்த ஒரு கொம்பின்
ஈரப் பச்சைப் பெயின்ட்
என் கைப்பிடியில் இன்னும் இருக்கிறது.

பெனினா அன்றுதான் சேர்ந்தாள்.
ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடித்து நேரே வந்திருந்தாள்,
கொண்டை மேல் ஹெல்மெட் உட்காரவில்லை.
மேடு வந்தால் இறங்குவாள்.
தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு
வாட்ச்சைப் பார்ப்பாள்.
"நூத்தி அறுபது. இருக்கேன்."
மறுபடி ஏறுவாள்.
எனக்கு அவசரமில்லை என்று காட்ட
சரியாக இருக்கும் செயினை
நான் சரிசெய்துகொண்டிருப்பேன்.

முன்னால் போனவர்கள் இட்லி தின்று
போட்டோ எடுத்து அலுத்துப்போய்
நாங்கள் வந்ததும் கை தட்டினார்கள்.
"அடுத்த தடவ தட்டாதீங்க" என்றாள்.
திரும்பும் வழியில் அவளுக்கு ஒரு டியூப்.
வாங்கி வைக்கலாமென்றால் எல்லாக் கடையும் சாத்தியிருந்தது.

காணும் பொங்கல்.
அணைக்கட்டு தாண்டி ஒரு ஊரில்
ரோடே காணோம்.
இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி
காளை விடுகிறார்கள்.
மைக்கில் ஒருவர் தொண்டை கிழிய:
"சைக்கிள் அண்ணன்களா, ஓரம், ஓரம்!"
"அக்காவும் இருக்கேன்!" என்று கத்தினாள் பெனினா.
வண்டிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு
வேர்க்கடலை பிடுங்கிய கொல்லையில்
வரிசையாக நடந்தோம்.
முள் ஞானமூர்த்திக்கு. மூன்றாவது டியூப்.
இரண்டு கிலோமீட்டர் கழித்து
எனக்கு.

சொல்யூஷன் காய்ந்து கட்டியாகியிருந்தது.
விசிலை வாயில் வைத்தேன்.
தூரத்தில் மேட்டில் பெனினா,
இறங்காமல், மணிக்கட்டைத் தொடாமல்,
திரும்பிப் பார்க்காமல்
மிதித்துக்கொண்டிருந்தாள்.
ஊதவில்லை.
புளியமரங்களுக்குள் அந்த முதுகும் போயிற்று.

டாடா ஏஸில் ஒரு காளை வந்தது.
கூட வேடியப்பன், இருபது வயசிருக்கும்,
குரல் போயிருந்தது.
"ஏறுண்ணா. அது ஒண்ணும் செய்யாது, களைச்சிருக்கு."
கழுத்தெல்லாம் மஞ்சள், கடைவாயில் நுரை.
"பத்து புள்ளி நாலு செகண்டு.
பத்துக்குள்ள வந்திருந்தா பைக்கு."
கொஞ்சம் போனதும் கேட்டான்:
"ஒங்களுக்கு என்னா பரிசு?"
"ஒண்ணும் இல்ல."
"பின்ன?"
பள்ளத்தில் வண்டி குதித்தது.
நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன்,
அவன் காளையை.

பிறகு ஒவ்வொருவராகத் தாண்டினோம்.
அப்போதுதான் முகங்களைப் பார்த்தேன்.
பெனினா நாக்கைக் கடித்துக்கொண்டு
ரோட்டை மட்டும் பார்த்தாள், எங்களைப் பார்க்கவில்லை.
ஞானமூர்த்தி தனியாக
யாரையோ திட்டிக்கொண்டு வந்தார்.
இம்தியாஸ் கண்ணில் நீர். காற்றாக இருக்கலாம்.
காளையைப் பார்த்து சலாம் வைத்தவர்
பின்னால் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

ஒடுகத்தூர் டீக்கடைக்கு
கடைசி ஆள் முதலில் வந்து சேர்ந்தேன்.

பெனினா வந்தபோது தட்டத் தூக்கிய கையை
இறக்கிவிட்டேன்.
மூச்சு வாங்க நேரே வந்தவள்
என் மணிக்கட்டைப் பிடித்து
வாட்ச்சைப் பார்த்தாள்.
"எழுபத்தி ரெண்டு.
எதுல வந்தீங்க?"

என் சட்டையில் வைக்கோல் ஒட்டியிருந்தது.